ஒன்பதாவது தெருக் கம்பம்

ஒன்பதாவது தெருவில் யார் குப்பையைக் கொளுத்தினாலும், புகை பட்டதுமே முனையில் நிற்கும் ஒலிபெருக்கிக் கம்பம் பேசும். "குப்பையை எரிக்காதீங்க. எனக்கு மூச்சு வாங்குது." தூய காற்றுப் பிரசாரத்துக்காக அதே தெருச் சிறுமி ஜெனிட்டா பேசிக் கொடுத்த குரல் அது. மறு வருடமே ஆஸ்துமா அவளைக் கொண்டுபோய்விட்டது. குரலைக் கழற்ற அதிகாரிகளுக்கு மனம் வரவில்லை, பலன் அப்படி. செத்த பிள்ளையின் குரலைக் கேட்கும் திராணி யாருக்கும் இல்லாமல், தெருவே குப்பை எரிப்பதை விட்டுவிட்டது.

ஆறு மாதம் கம்பம் வாய் திறக்கவில்லை. இந்த வாரம் தினமும், பள்ளிக்கூடம் விடும் நாலு மணிக்கு அது பேசுவதாகத் தகவல் வரவே, பிரசார ஊழியர் பூங்கோதை நேரில் வந்தாள்.

கம்பத்தடியில் ஜெனிட்டாவின் அம்மா ரெஜினா, தகர மூடியில் சருகைக் குவித்துத் தீ வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர்.

"என்னக்கா, நீங்களே இப்டி பண்ணலாமா? பாப்பா குரல் வேணும்னா போன்ல போட்டுத் தரேன்."

"போன்ல இருக்கும்மா. அதுல நான் அமுக்குனாத்தான் பேசுறா. இங்க அவளாக் கூப்புடுறா."

பூங்கோதை சொம்பை எடுத்தாள். ஊற்றக் கை வரவில்லை. சருகு புகைந்தது.

"எனக்கு மூச்சு வாங்குது" என்றது கம்பம்.

ரெஜினா பதறிப்போய்ச் சொம்பைப் பிடுங்கி ஊற்றினாள். "அணைச்சிட்டேன்டி கண்ணு. அம்மா அணைச்சிட்டேன். இப்ப நல்லா மூச்சு வுடு."