எதிர் வரிசை

"அந்த வரிசை பாட்டுல கேள்வி கேக்கும், இந்த வரிசை பதில் சொல்லும். நடுவுல யாரும் தனியா நிக்கக் கூடாது ஆன்ட்டி" என்றாள் நஸ்ரின், இந்தியில்.

சந்திரிகாவின் முகம் வாடிவிட்டது. "அப்போ முன்னாடி நின்னு ஆடறது யாரு?"

"யாரும் இல்ல. ரௌஃப்ல எல்லாரும் ஒண்ணுதான். கை கோத்துக்கிட்டு முன்னால வரணும், அப்படியே பின்னால போகணும். அவ்வளவுதான் எங்க ஊர் ஆட்டம்."

"அரே, கல்ச்சுரல் செக்ரட்டரியும் கூட்டத்துல ஒருத்தியா?" என்று தமிழில் முணுமுணுத்தாள் சந்திரிகா. ஆனாலும் வரிசையில் போய்க் கனகவல்லியின் கையைக் கோத்துக்கொண்டாள்.

மராட்டிய மண்ணில், வானவடிப் பகுதியில் குடியரசு தினத்தன்று நாலு குடியிருப்புகளுக்குள் நடனப் போட்டி. குடியிருப்புக்கு ஒரு மாநிலம் என்று சீட்டு குலுக்கிப் போட்டதில் இவர்களுக்கு வந்தது காஷ்மீர். மராட்டிப் பெண்கள், "எங்களுக்கு லாவணிதான் வரும்" என்று நழுவிவிட, எட்டுத் தமிழ்ப் பெண்கள் மாட்டிக்கொண்டார்கள். சொல்லித்தர ஆள் இல்லாமல் தவித்தபோது, பி பிளாக் ரீனாதான் ஊரின் மறுகோடியில், ஹிஞ்சேவாடி ஐ.டி. கம்பெனியில் தன்னோடு வேலை பார்க்கும் நஸ்ரினை அழைத்து வந்தாள்.

வாரத்தில் மூன்று நாள். ஆபீஸ் முடிந்ததும் கேப் பிடித்து, இரண்டு மணி நேரம் டிராஃபிக்கில் நசுங்கி வந்து சேருவாள் அந்தப் பெண். காஷ்மீரி வரிகளை எல்லோரும் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு தப்பும் தவறுமாகப் பாடுவார்கள். அவள் ஒருமுறைகூடச் சிரித்ததில்லை.

"பீஸ் வேணாங்கறா, கேப்புக்குக் கொடுத்தாலும் வாங்க மாட்டேங்கறா. எதுக்கு சந்திரிகாக்கா இப்படி அலையறா?" என்று கேட்டாள் கனகவல்லி.

"கலை மேல பக்தி. உனக்கு அதெல்லாம் புரியாது."

முதல் வாரம் நஸ்ரினுக்கு கிளப் ஹவுஸிலேயே பேப்பர் கப்பில் டீ. இரண்டாம் வாரம் சந்திரிகா அவளை வீட்டுக்குக் கூப்பிட்டு, எவர்சில்வர் டம்ளரில் காபி கொடுத்தாள். நான்காம் வாரம் சாப்பாட்டு மேஜையில் உட்காரவைத்து, வேண்டாம் வேண்டாம் என்றாலும் விடாமல் தோசை போட்டாள். "போதும் ஆன்ட்டி" என்று தமிழில் சொல்லவே நஸ்ரின் கற்றுக்கொண்டுவிட்டாள்.

போட்டியில் இவர்களுக்குத்தான் முதல் பரிசு. சந்திரிகா ஓடிப்போய் மைக்கைப் பிடித்தாள்.

"காஷ்மீர் வேற, நாம வேறயா? எல்லாரும் ஒண்ணுதான்! இந்த நஸ்ரின் எங்க வீட்டுப் பொண்ணு!"

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று.

அன்று மாலை நஸ்ரினை வீட்டுக்கு அழைத்து, ஒரு பட்டுப்புடவையை அவள் கையில் வைத்தாள் சந்திரிகா.

"வேணாம் ஆன்ட்டி."

"பீஸும் வேணாம், புடவையும் வேணாம். அப்போ என்னதான் வேணும்? கேளு பேட்டா. நான் இல்லேன்னு சொல்ல மாட்டேன்."

நஸ்ரின் தயங்கினாள். புடவையின் மடிப்பை விரலால் நீவிக்கொண்டே பேசினாள்.

"அப்பாவுக்கு நவம்பர்ல இங்க பக்கத்து ஆஸ்பத்திரியிலதான் இதய ஆபரேஷன் நடந்தது. ஆறு மாசம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துலயே இருக்கணும்னு டாக்டர் சொல்றார். ரெண்டு மாசமா அப்பாவும் அம்மாவும் லாட்ஜ்ல ஒத்தை ரூம்ல இருக்காங்க. எனக்கே ரௌஃப் சரியாத் தெரியாது ஆன்ட்டி. அந்த ரூம்ல கட்டிலை ஓரமா நகர்த்திட்டு அம்மாதான் சொல்லிக் கொடுத்தாங்க. மறுநாள் அதை இங்க வந்து சொல்லுவேன்."

"அடக் கடவுளே!"

"மூணாவது மாடியில உங்க பையனுக்கு வாங்கின வீடு காலியா இருக்குல்ல? அதை எங்களுக்கு வாடகைக்குத் தருவீங்களா?"

சந்திரிகா அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"இதைக் கேக்கவா இவ்வளவு தயக்கம்? நாளைக்கே சாமானை எடுத்துட்டு வாங்க. ஒரு மாசமா வந்து போறே, என் வீட்டுல தோசை சாப்பிட்டே, ஒரு வார்த்தை சொன்னியா? முன்னாடியே கேட்டிருக்கலாமே!"

"கேட்டேன் ஆன்ட்டி."

சந்திரிகா அணைத்த கையை விலக்கி, அவள் முகத்தைப் பார்த்தாள். "எப்போ?"

"டிசம்பர்ல. புரோக்கர் ஸ்பீக்கர்ல போட்டு உங்ககிட்ட பேசினப்ப நான் பக்கத்துலதான் நின்னுட்டிருந்தேன். 'காஷ்மீர்க்காரங்களா? அந்த ஊர் ஆளுங்களோட நமக்குப் பழக்கமே இல்லையே, எப்படி வீடு கொடுக்கறது'ன்னு கேட்டீங்க" என்றாள் நஸ்ரின். "அதான், முதல்ல பழகிக்கலாம்னு வந்தேன்."