நத்தைக்கு வைத்தது

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஓடினாள்.

பின்வாசல். பனியில் நனைந்த படிகள். செருப்பில்லாத கால் வழுக்கியது. துணிக்கொடியைப் பிடித்துச் சமாளித்துக்கொண்டு மறுபடி ஓடினாள்.

கீழே, பேரி மரத்தடியில், புதுப் பாத்தி.

பாத்திக்குள் அவள் கணவர் குந்தியிருந்தார். கையில் கொட்டாங்குச்சி. மஃப்ளர் நுனி வாயருகே. துடைத்துக்கொள்கிறார்.

சமையலறை ஜன்னலிலிருந்து அவள் கண்ணால் பார்த்திருந்தது இதைத்தான்.

கத்த வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

கொட்டாங்குச்சியில் இருந்தது பீர். ஊற்றி வைத்தவள் அவள்தான்.

நத்தைக்கு.

பாத்தியில் அவள் வைத்திருந்தது ஹோஸ்டா, அகல இலைச் செடி. அந்த இலை என்றால் குன்னூர் நத்தைகளுக்கு உயிர். ஒரே ராத்திரியில் சல்லடையாக்கிவிடும். பீர் வைத்தால் வாசனைக்கு வந்து விழுந்து சாகும் என்று நர்சரிக்காரர் யோசனை சொன்னார். பக்கத்து வீட்டு டிரைவரிடம் ரகசியமாகச் சொல்லி வாங்கினாள். பாட்டிலை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

காரணம் இருந்தது. மஞ்சள் காமாலையில் கிடந்து எழுந்து, மகள் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணிக் குடியை விட்ட மனுஷர் வீட்டில் இருக்கிறார். 'இனிமே ஒரு சொட்டு உள்ளே போனாலும்...' என்று டாக்டர் பாதியில் நிறுத்தியிருந்தார்.

பாட்டிலைப் பூட்டினாள். கொட்டாங்குச்சியைப் பூட்டத் தோன்றவில்லை. மண்ணில் புதைத்து நத்தைக்கு வைத்ததைப் போய் எந்த மனுஷன் தொடுவான்?

தினமும் காலையில் கொட்டாங்குச்சிகள் காலி. உள்ளே செத்த நத்தை ஒன்றுகூட இல்லை. இலையில் ஓட்டைதான் பெருகியது.

"நம்மூரு நத்தைங்க மொடாக்குடிங்க போல, வனஜா" என்று அவர் சிரித்தார்.

அவளும் சிரித்தாள்.

பிறகு உரக்கடைக்குப் போனாள். நத்தை மருந்து. மண்டை ஓடு போட்ட டப்பா. நேற்று சாயங்காலம் அதைப் பொடித்துப் பீரில் கலக்கினாள்.

அவரிடம் சொல்லவில்லை. காலையில் செத்துக் கிடக்கும் நத்தைகளைக் காட்டி அசத்த வேண்டும் என்றிருந்தாள்.

ஓட ஓட எல்லாம் விளங்கியது.

பீர் வைக்கத் தொடங்கிய பிறகு, ஹோஸ்டாவுக்குத் துணையாக அவள் கேட்டது பிகோனியா. குட்டையாக, சிவப்பாக, ஜன்னலிலிருந்து கண்ணைப் பறிக்கும்படி. அவர்தான் பெரணி என்று ஒற்றைக்காலில் நின்றார். இடுப்புயரப் பெரணி. பின்னால் உட்கார்ந்தால் ஆளே தெரியாது. காய்ந்த மட்டைகளை நேற்று அவள் கழித்துவிடாமல் இருந்தால் இன்றைக்கும் தெரிந்திருக்காது.

பாத்தியின் கரைக்கு அவள் கேட்டது செங்கல். சாய்த்துச் சாய்த்து, பல் வரிசை மாதிரி. அவர் சுமந்துவந்து போட்டது தட்டைக் கல்.

"உக்காந்து களை புடுங்கலாம்ல" என்றார்.

களை!

பாத்தியை மிதித்துக்கொண்டு போய் அவர் ஸ்வெட்டரைப் பிடித்தாள். ஹோஸ்டா இலை காலடியில் நசுங்கியது. புதைத்திருந்த கொட்டாங்குச்சிகளைப் பார்த்தாள்.

எல்லாம் காலி.

"குடிச்சீங்களா?"

அவர் முகம் வெளுத்துப்போனது.

"தெனமும் இதானா? பெரணி கேட்டது இதுக்குத்தானா? சொல்லுங்க!"

"ஐயோ, கத்தாதடி." கையிலிருந்ததைக் கீழே வைத்தார். "கவுத்துடுவேன். விடிஞ்சதும் வந்து, மஃப்ளரால மூக்கைப் பொத்திக்கிட்டு, ஒவ்வொண்ணா மண்ணுல கவுத்துடுவேன். அந்த வாசனை படுக்கை வரைக்கும் வருது வனஜா. தூக்கம் புடிக்கல. வைக்காதேன்னு சொன்னா, இவனுக்கு இன்னும் ஆசை விடலன்னு நெனைப்ப. கவுக்கறதை நீ பாத்துடக் கூடாதுன்னுதான் பெரணி கேட்டேன்."

மூக்கு.

அவள் பார்த்தது வாயை அல்ல. மூக்கை.

தட்டைக் கல்லில் அப்படியே உட்கார்ந்தாள். அழுகை வந்தது. அதற்குள் சிரிப்பும் வந்து முட்டியது. குடியை விட்டவன் வீட்டில், சாயங்காலம் தவறாமல் பீர் ஊற்றி வைத்தவள்! எந்தப் பெண்டாட்டி செய்வாள் இதை?

"வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாங்க?" முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "நேத்து அதுல நத்தை மருந்தைக் கலந்து வச்சேன். ஜன்னல்ல பாத்ததும் எனக்கு உயிரே போயிடுச்சு."

அவர் சிரிக்கவில்லை.

மஃப்ளரின் நுனியைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

செடி வளர்க்கிறவளின் கை சும்மா இருக்காது. அவள் விரல்கள் பக்கத்துக் கொட்டாங்குச்சியைச் சுற்றி மண்ணைத் தொட்டன. ஹோஸ்டா இலைக்கடியில் பனிகூட இறங்காத மண். பொலபொலவென்று உதிர்ந்தது.

அடுத்ததைச் சுற்றித் தொட்டாள்.

அதுவும் காய்ந்துதான் இருந்தது.

தலையைத் தூக்கினாள்.

"நேத்து வரைக்கும் கவுத்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார்.