நாற்பத்தொன்றாம் பாட்டில்

"சார், இது உடம்பு புதுக் கிட்னியை ஏத்துக்காத கேஸ் இல்லை. வைரஸ்!"

மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள் லூர்துமேரி.

டாக்டர் சுவாமிநாதனுக்குச் சுருக்கென்றது. மயிலாப்பூரில் அந்தப் பரிசோதனைக் கூடத்துக்கு அவர் பொறுப்பேற்றுப் பத்து நாள்தான் ஆகிறது. அதற்குள், சாந்தோம் குப்பத்திலிருந்து வரும் டெக்னீஷியன் தனக்குப் பாடம் நடத்துவதா?

1977. மாற்றுச் சிறுநீரகம் என்பதே ஊருக்குப் புதிது. வந்திருந்த சிறுநீர் பாட்டிலில் பெயர் கிடையாது, 41 என்ற நம்பர் மட்டும்.

"பேஷண்டுக்கு ரத்தத்துல உப்பு ஏறிண்டே போறது. மருந்தைக் கூட்டணும்னு அடையாறு பெரிய டாக்டரே சொல்றார். உனக்கென்ன?"

"கூட்டினா கிட்னி போயிடும் சார். அந்த மருந்து எதிர்ப்புச் சக்தியை அடக்கி வெச்சிருக்கு. அதனாலதான் வைரஸ் பூந்து விளையாடுது. மருந்தைக் குறைக்கணும். செல்லுக்குள்ள கரு எப்படி உப்பிக் கிடக்குன்னு நீங்களே பாருங்க. லண்டன் பத்திரிகையில வந்த படமும் இதேதான்."

"குறைச்சு, உடம்பு கிட்னியை ஒதுக்கிடுத்துன்னா? அடுத்தவா உசிரை வெச்சுப் பேசறது சுலபம்மா. பேஷண்ட் சம்மதிக்க வேண்டாமா?"

"சம்மதிப்பாங்க சார். நான் சொன்னா கேப்பாங்க."

வேண்டாவெறுப்பாகக் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு பேனாவைத் திறந்து, அவள் சொன்னபடியே எழுதினார். பெரிய டாக்டர் போனில் கத்தினார். சுவாமிநாதன் அசையவில்லை. கடைசியில் மருந்து குறைக்கப்பட்டது.

ஆறு வாரம் திக்திக்கென்று போயிற்று. ஒரு காலை போன் மணி அடித்தது. பெரிய டாக்டர்தான்.

"உப்பு இறங்கிடுச்சு, சுவாமிநாதன்! கிட்னி பிழைச்சது. எப்படிய்யா கண்டுபிடிச்சே?"

"நானில்லை சார். எங்க டெக்னீஷியன் லூர்துமேரி!" சொல்லும்போதே அவருக்கு மார்பு விம்மியது.

எதிர்முனைக் குரல் சட்டென்று உயர்ந்தது.

"எந்த லூர்துமேரி? சாந்தோமா? கட்டுமரத்துல போற தம்பி கிட்னி குடுத்தானே, அந்தப் பொண்ணா? ஐயா, அந்தப் பாட்டிலே அவளோடதுதானே!"

சுவாமிநாதன் ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினார். "ஏம்மா என்கிட்ட சொல்லலை?"

"சொல்லியிருந்தா, பார்த்துட்டுப் பேசறேன்னு நம்பியிருக்க மாட்டீங்க சார். பயந்துட்டுப் பேசறேன்னு நினைச்சிருப்பீங்க" என்றாள் லூர்துமேரி.