கற்பூரம் மணக்காத ஜனாஸா

கற்பிட்டியில் ஹவ்வா உம்மாவை அறியாத வீடு இல்லை. ஊரில் எந்தப் பெண் மௌத்தானாலும் அவரே சென்று மையத்தைக் குளிப்பாட்டி, கற்பூரமிட்டு, வெள்ளைத் துணியால் கபனிடுவார். அந்த வேலை முடியும்வரை ஒரு சொல்லும் பேசமாட்டார். முடிந்தபின் அடுத்த தெருவுக்கும் கேட்கும்படி பேசுவார்.

அன்று காலை அவர் பாலாவிச் சந்தியில், தம் பயணப் பெட்டியின்மேல் அமர்ந்து, வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்.

காரணம் இருந்தது. அவர் மக்காவுக்கு உம்ரா யாத்திரை புறப்படவேண்டியவர். நாடெங்கும் ஹர்த்தால். அதனால் விமானம் முதலில் தள்ளிப்போனது; பிறகு எப்போது என்றே தெரியாது என்றார்கள்; அன்று விடியற்காலை சுபஹுத் தொழுது எழுந்தால், “மாலையிலேயே புறப்படுகிறது, உடனே வருக” என்று குறுஞ்செய்தி. உடன் செல்வோர் எல்லாரும் முன்னரே விமான நிலையத்துக்கு அருகிலுள்ள நீர்கொழும்பில் போய்த் தங்கிவிட்டார்கள். அயலில் ஒரு மௌத்து நேர்ந்ததால் பின்தங்கியவர் இவர் ஒருவரே. கெஞ்சிப் பிடித்த முச்சக்கரவண்டி சந்திவரை கொண்டுவந்து விட்டது. அதற்கப்பால் சாலையின் குறுக்கே தென்னங்குற்றிகள். குற்றிகளின்மேல் உப்பளத் தொழிலாளரின் தலைவர் ஹயாத்து முகம்மது.

“உம்ரா அடுத்த மாசமும் இரிக்கும் மாமி. ஹர்த்தால் இண்டைக்கி மட்டுந்தான்,” என்றார் அவர், பணிவு சிறிதும் குறையாமல்.

மாமி அவருடைய பாட்டன் பூட்டன் வரை இழுத்து ஏசினார். குற்றிகள் அசையவில்லை.

அவ்வேளையில் வெள்ளைக் கொடிகள் கட்டிய வான் ஒன்று வந்து நின்றது. கோஷமிட்டவர்கள் வாய்மூடித் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்கள். ஓட்டிவந்தவன் எத்தாளை ஊரைச் சேர்ந்த ஃபஸ்லான். பின்னால், மையத்தைச் சுமக்கும் சந்தூக்கு, பச்சைத் துணி போர்த்தியபடி இருந்தது. தன் மாமி ஸுலைஹா மௌத்தாகிவிட்டதாகவும், அவருடைய மகன் வீடு இருக்கும் நீர்கொழும்பில் அடக்கப்போவதாகவும் அவன் கூறினான்.

குற்றிகளை அகற்றப் பல கைகள் நீண்டன. ஹயாத்து முகம்மது ஆறுதலாக, என்ன நோய் என்று வினவினார். காய்ச்சல் என்றான் ஃபஸ்லான். இன்னொருவர் வினவியபோது, குளியலறையில் வழுக்கி விழுந்தார் என்றான். நீண்ட கைகள் மடங்கின. உடன்வர உறவினர் ஒருவரும் இல்லையா? எத்தாளை மையவாடி என்ன நிரம்பியா விட்டது? ஃபஸ்லானின் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டிக்கொண்டது.

“துணிய எடு. முகத்தப் பாப்பம்,” என்றார் ஹயாத்து முகம்மது.

“பொம்புள மையத்து நானா,” என்றான் ஃபஸ்லான் அவசரமாக. “அந்நிய ஆம்புளையள் பாக்கப்படாது.”

மறுக்க முடியாத பேச்சு. கொலைதான் என்று எல்லாருடைய கண்களும் சொல்லின. ஆயினும் அந்த முகத்தைத் திறக்க அங்கிருந்த ஓர் ஆணுக்கும் உரிமை இல்லை. சந்தி முழுவதிலும் பெண் ஒருவரே இருந்தார், ஒரு பெட்டியின்மேல்.

எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஹவ்வா உம்மா பேச்சை நிறுத்தினார். வானில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். ஏறியதுமே காற்றை மோந்து பார்த்தார். கற்பூர வாசம் இல்லை. குளிப்பாட்டாத உடல்! எவளோ ஒரு அப்பாவியை அடித்துக் கொன்று, அப்படியே சுருட்டி எடுத்துப் போகிறானே! வெளியே யாரோ பொலீசுக்குத் தொலைபேசியில் அழைக்கும் குரல் கேட்டது. ஹவ்வா உம்மா பிஸ்மி சொல்லி, தலைமாட்டுத் துணியை மெல்ல விலக்கினார்.

கத்தரித்த மீசை ஒன்று தெரிந்தது. அதற்குமேலே இரண்டு கண்கள் திருதிருவென விழித்தன. நெஞ்சின்மேல் கடவுச்சீட்டு இருந்தது.

“சத்தம் போட்டுறாதீங்க மாமி,” என்றது சந்தூக்கு. “கட்டார் பிளைட்ட இண்டைக்கி அந்திக்கு மாத்திட்டாங்க. போகாட்டி வேல போயிரும். பொம்புள மையத்தெண்டா ஒருத்தரும் தொறக்கமாட்டாங்க எண்டு…”

ஹவ்வா உம்மா துணியை முன்போலவே போர்த்தி, ஓரங்களைப் பழகிய கையால் செருகினார். அவர் இறங்கியபோது முக்காட்டுத் துணி வாயைப் பொத்தியிருந்தது, தோள்கள் குலுங்கின, கண்களில் நீர் முட்டியது. கூட்டம் தலைகுனிந்தது.

“சொல்லுங்க மாமி,” என்றார் ஹயாத்து முகம்மது. “கொலையா?”

ஒரு காயமும் இல்லை என்று அவர் தலையசைத்தார். மூச்சைச் சீராக்கிக்கொண்டு, பெட்டியை எடுத்து வானுக்குள் வைத்தார்.

“தொணைக்கு ஒரு பொம்புள இல்லாம இந்தப் பயணத்த அனுப்பப்படாது,” என்றார் ஹவ்வா உம்மா, மெதுவாக. “நானும் கூடப் போறன்.”