உங்க வண்டி

ஒரே ஒரு முள். கருவேல முள்.

பஞ்சர் கடை செய்யது அதைக் குறடால் பிடுங்கி அவள் உள்ளங்கையில் வைத்தார்.

“டயர் நல்லா இருக்கும்மா. ட்யூப்லதான் ஓட்டை. ஒரு ஒட்டு போட்டாப் போதும்.”

அவள் புருஷனுக்குப் போதாது. போன் ஏற்கெனவே அவன் காதில் இருந்தது.

“மாமா, உங்க வண்டி மறுபடியும் படுத்துருச்சு.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உங்க வண்டியாம்.

ஓடுகிறவரை அது அவன் வண்டி. ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து துடைப்பான். கூட்டாளிகள் கேட்டால் சாவி தரமாட்டான். கட்டினவளுக்குக்கூடப் பின் ஸீட்டுதான். நின்றுபோனால் மட்டும் அது மாமனார் வண்டி. சீர்வரிசையில் வந்த வண்டி என்பது அப்போதுதான் துரைக்கு ஞாபகம் வரும்.

பேட்டரி போனபோதும் இதே வார்த்தை. செயின் தளர்ந்தபோதும் இதே வார்த்தை. அப்பாவும் வாய் வலிக்காமல் “சரிங்க மாப்ள” என்பார். பேட்டரிக்காகத் தன் பழைய மொபெட்டை விற்றவர், இப்போது தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்கு நடந்தே போய் வருகிறார். முட்டி வீங்கிக் கிடக்கிறது. கேட்டால், டாக்டரே நடக்கச் சொன்னார் என்று ஒரு பொய்.

கேட்கிறவன் கொழுப்பு ஒரு பக்கம். கேட்கும்போதெல்லாம் கொடுத்துக் கொடுத்து அந்தக் கொழுப்பை வளர்த்த மனுஷன் ஒரு பக்கம். யார்மேல் அதிகக் கோபம் என்று அவளுக்கே தெரியவில்லை.

போனில் அப்பா குரல் அவளுக்கும் கேட்டது.

“இன்னைக்கே டயரோட வந்துர்றேன் மாப்ள. நீங்க அலைய வேணாம்.”

“ஒட்டினாப் போதும்னு அண்ணன் சொல்றாருல்ல?” என்றாள்.

“ஒட்டுப்போட்ட வண்டியில நான் போகணுமா? குடுக்கிறவரு ஒழுங்காக் குடுத்திருக்கணும்.”

அவ்வளவுதான். அந்தப் பக்கமாக வந்த கூட்டாளி வண்டியில் ஏறி அவன் வேலைக்குப் போய்விட்டான். அவள் எப்படி வீடு போய்ச் சேருவாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாவி வண்டியிலேயே இருந்தது. ஹெல்மெட் டேங்க்மேல் இருந்தது.

அவள் அப்பாவுக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. திரும்ப அடித்தாள். எடுக்கவில்லை. மாப்பிள்ளை கூப்பிட்டால் முதல் மணியிலேயே எடுப்பார். மகள் கூப்பிட்டால் மட்டும் காது கேட்காது.

செய்யது ட்யூப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

“என்னம்மா, ஒட்டவா? இல்ல, டயர் வரட்டும்னு வைக்கவா?”

“ஒட்டுங்கண்ணே.”

“அவரு சத்தம் போடுவாரு.”

“போடட்டும்.”

கல்யாணத்துக்கு முன்னால் சித்தப்பாவின் பைக்கில் சாத்தூர் முழுக்கச் சுற்றியவள் அவள். இரண்டு வருஷமாக அவன் வண்டியில் கை வைக்க விடவில்லை. முதல் கியரில் வண்டி ஒரு குதி குதித்தது. பிறகு சொன்னபடி கேட்டது.

விருதுநகர் தாண்டி, சாத்தூருக்குப் போகும் நாலுவழிச் சாலை.

வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனாள். ஹெல்மெட்டுக்குள் எவ்வளவு திட்டினாலும் வெளியே கேட்பதில்லை. அது ஒரு வசதி.

அப்பா டயரை வாங்குவதற்குள் அவரைப் பிடித்துவிட வேண்டும். அதற்குமேல் அவள் எதையும் யோசிக்கவில்லை.

சாத்தூர் பஸ் ஸ்டாப்பில் அப்பா நின்றுகொண்டிருந்தார்.

தோளில் புது டயர்.

வேலையிலிருந்து அப்படியே கிளம்பி வந்திருக்கிறார். சட்டையெல்லாம் தீப்பெட்டி மருந்துக் கறை. வேட்டியை முட்டிக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தார். பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கண்ணில் வண்டி பட்டுவிட்டது.

வண்டி மட்டும்தான் பட்டது.

மாப்பிள்ளை முகத்தை அவர் ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. இன்றைக்கு மட்டும் ஹெல்மெட்டுக்குள் இருப்பது யாரென்று பார்க்கப் போகிறாரா?

அவர் அவசர அவசரமாக டயரைக் கீழே வைத்தார்.

மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்தார்.

முதலாளி எதிரே வந்துவிட்டதுபோல, அதைக் கணுக்கால்வரை இறக்கிவிட்டார்.

“நீங்க எதுக்கு மாப்ள இம்புட்டுத் தூரம்?” என்று முன் சக்கரத்திடம் கேட்டார். “கோவிச்சுக்கிறாதீங்க. வாங்கிட்டேன்.”

அவளுக்கு ஹெல்மெட்டைக் கழற்றக் கை வரவில்லை. கழற்றினால் அழுதுவிடுவாள். அழுவதற்கா இவ்வளவு தூரம் வந்தாள்?

“வேட்டிய மடிச்சுக் கட்டுங்கப்பா.”

அவர் நிமிர்ந்தார். முதலில் நம்பவில்லை. பிறகு முகம் வெளுத்தது. கை வேட்டி நுனிக்குப் போய் அங்கேயே நின்றது. மாப்பிள்ளையும் பின்னால் வருகிறாரோ என்று கண் சாலையைத் தேடியது.

“கட்டுங்கப்பா!”

பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் என்ஜினை அணைத்தாள். அவர் கட்டுகிறவரை காத்திருந்தாள்.