றிஸ்மி வாங்கிய புரொசசர்

முகநூலில் ஊருக்கெல்லாம் கணினி ஆலோசனை வழங்கும் றிஸ்மி, கேம் விளையாட வாங்கிவந்த புதுப் புரொசசரைப் பழைய மதர்போர்டில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினான்.

“இஞ்சாருங்க, அது இந்த போர்டுக்குச் சேராது. ரெண்டையும் சேத்து வாங்கச் சொன்னேனே,” என்றாள் மனைவி நிப்லா.

“பொம்புளைக்கு என்ன தெரியும்?”

படக்கென்று போர்ட் உடைந்தது. அடுத்த அடி நிப்லாவின் கன்னத்தில் விழுந்தது. கணினித் திரையைத் தூக்கி அவள் காலடியில் போட்டு நொறுக்கினான்.

“வெளியே போடி, என்ட ஊட்ட உட்டு!”

உதட்டு இரத்தத்தைத் துடைத்த நிப்லா, கணினிப் பெட்டியைத் தூக்கி வாசல் கேற்றுக்கு வெளியே எறிந்தாள்.

“இது என்ட வாப்பா எனக்குச் சீதனமா எழுதித் தந்த ஊடு. நீங்க உங்கட உம்மாட ஊட்டுக்குப் போங்க.”

றிஸ்மியின் குரல் இறங்கியது.

“உம்மாட ஊட்ட நான்தானே முன்னுக்கு நிண்டு தங்கச்சிக்குச் சீதனமா எழுதிக் குடுத்த, புள்ள...”