ஒரேயொரு முறைப்பாடு

“இண்டைக்கும் கம்ப்ளெயின்ட் ஒண்டும் வரல்லையா சேர்?”

காலையிலிருந்து பிரஷாந்தி மூன்றாவது தடவையாகக் கேட்டாள். முகாமையாளர் அக்ரம் கணினியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

“வராட்டி நல்லந்தானே புள்ள. வரச்சொல்லி நேர்த்தி வெச்சிரிக்கியா?”

சிரித்து மழுப்பிவிட்டு வெளியே வந்தாள். உண்மையில், நேர்த்தி வைக்காததுதான் குறை.

கல்லடியிலிருக்கும் அந்தக் களஞ்சியத்தில் அவளுக்கு ஆறு வருடம். வாடிக்கையாளர்கள் இணையத்தில் ஓடர் போடுவார்கள். சீட்டு அச்சாகி வரும். அதைப் பார்த்து றாக்கைகளிலிருந்து சாமான்களை எடுத்து, கூடையில் வைத்து, பெட்டி கட்டும் மேசைக்கு அனுப்ப வேண்டும். எந்த றாக்கையில் எந்தச் சவர்க்காரம் என்று பிரஷாந்தி கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். மேற்பார்வையாளர் வேலை காலியானதும், அது தனக்குத்தான் என்று வீட்டிலும் சொல்லிவிட்டாள்.

ஆனால் நடுவில் தக்ஷாயினி நின்றாள். வந்து நாலே மாதம். பிரஷாந்தி ஒரு கூடை நிரப்புவதற்குள் இவள் இரண்டு நிரப்பினாள். அதையும் சிரித்துக்கொண்டே நிரப்பினாள். அந்தச் சிரிப்பைக் கண்டாலே பிரஷாந்திக்கு வயிறு எரிந்தது.

அக்ரம் ஏற்கெனவே சொல்லிவிட்டார். இந்த மாதம் இருவரில் யாருடைய ஓடரில் முறைப்பாடு வரவில்லையோ அவருக்குத்தான் வேலை. இருவருக்கும் வராவிட்டால், கூடுதலான கூடை நிரப்பியவருக்கு. இன்று மாதக் கடைசி. இதுவரை யார் பெயரிலும் முறைப்பாடு இல்லை. கூடைக் கணக்கில் தக்ஷாயினி எங்கோ முன்னால் போய்விட்டாள்.

“அவள்ற கையில சில்லு பூட்டியிரிக்கா?” பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்த ஸஹீதாவிடம் பிரஷாந்தி புறுபுறுத்தாள்.

“கெட்டிக்காரி. அதுல என்ன பிழை?”

“கெதியா எடுக்கிற கை எப்பயாவது மாறி எடுக்கும். இருந்து பாருங்க.”

“நீ எப்ப இருந்து சாத்திரம் சொல்ல வெளிக்கிட்ட?”

அந்த நேரம் பார்த்துத் தக்ஷாயினி வந்தாள்.

“அக்கா, உங்களுக்கும் பிளேன்டீ ஊத்தி வெச்சிரிக்கன். ஆறமுதல் குடிங்க.”

“எனக்கு வேணாம்.”

“சேர் ஆர்ர பேரைச் சொன்னாலும், எனக்கு வேலை படிப்பிச்ச ஆள் நீங்கதான் அக்கா.”

இதற்குப் பதிலாக அவள் ஒரு அறை விட்டிருக்கலாம் போலிருந்தது பிரஷாந்திக்கு. படிப்பித்தவள் நாளையிலிருந்து இவளிடம் லீவு கேட்டு நிற்க வேண்டுமா?

மூன்று மணிக்கு அலுவலகத் தொலைபேசி அடித்தது. கதவோரத்து றாக்கையை அரை மணித்தியாலமாகத் துடைத்துக்கொண்டிருந்த பிரஷாந்தி, துடைப்பதை நிறுத்தினாள். அக்ரம் ஸ்பீக்கரில் போட்டார்.

“கொக்கட்டிச்சோலையில இருந்து கதைக்கிறன்,” என்றது ஒரு பெண்குரல். “வெள்ளிக்கிழமை வந்த பெட்டி சம்பந்தமா. ஓடர் பண்ணினது நீல மூடிச் சத்துமா. வந்திரிக்கிறது பச்சை மூடி.”

“சாமான் எடுத்தவர் எண்டு சீட்டுல ஆர்ர பேர் இரிக்கு?”

“தக்ஷாயினி.”

பிரஷாந்தி துணியைப் போட்டுவிட்டு உள்பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள்.

“தக்ஷாயினி, சேர் கூப்பிடுறார். ஓடி வாம்மா.” அவள் குரலில் அப்படியொரு பாசத்தை அந்தக் களஞ்சியம் அதற்கு முன் கேட்டதில்லை.

விஷயத்தைக் கேட்ட தக்ஷாயினியின் முகம் வெளிறியது.

“நான் நீலந்தான் சேர் எடுத்து வெச்சன். எனக்கு நல்ல ஞாபகம்.”

“அவசரத்துல மாறியிரிக்கும் சேர்,” என்றாள் பிரஷாந்தி. “புதுசுதானே, பாவம்.”

“ஐயோ, நான் ஏசுறதுக்கு எடுக்கல்ல,” என்றது தொலைபேசிக் குரல். “அப்பாக்குச் சீனி வருத்தம். மாசாமாசம் சீனி போடாத பச்சை மூடிதான் எடுக்கிற நாங்க. இந்தமுறை கட்டாரில இரிக்கிற தம்பி ஓடர் பண்ணினவன். தெரியாம நீலத்தை அமத்திட்டான். இண்டைக்குத்தான் பில்லைப் பார்த்தம். நம்மட பழைய ஓடருகளைப் பார்த்து அந்தப் பிள்ளை மாத்தி வெச்சிரிக்கு. போன மாசந்தான் அப்பா சீனி கூடி ஆஸ்பத்திரியில கிடந்தவர். அந்தப் பிள்ளைக்கு ஒரு நன்றி சொல்லத்தான் எடுத்தன்.”

தொலைபேசியை வைத்துவிட்டு அக்ரம் எழுந்தே நின்றுவிட்டார். எல்லோரையும் கூப்பிட்டார்.

“கெதியா எடுக்க எத்தினையோ பேர் இரிக்காங்க. யோசிச்சு எடுக்கத்தான் ஆளில்ல. நாளையில இருந்து தக்ஷாயினிதான் மேற்பார்வையாளர்.”

“சத்தியமா நான் மாத்தல்ல சேர்,” என்றாள் தக்ஷாயினி, அழுவதுபோல்.

“அடுத்தவங்கட கூடையில கை வெச்சா அண்டைக்கே வேலை போகும். அது தெரிஞ்சும் வேற ஆரு புள்ள கை வைக்கப்போறாங்க?” அக்ரம் சிரித்தபடி திரும்பினார். “நீ சொல்லு பிரஷாந்தி, வேற ஆரும் மாத்தியிரிப்பாங்களா?”

“இல்ல சேர்,” என்றாள் பிரஷாந்தி. “ஆரும் இல்ல.”

எல்லோரும் கை தட்டினார்கள். வியாழக்கிழமை தக்ஷாயினி தண்ணீர் குடிக்கப் போன நேரம், அவளுடைய கூடையிலிருந்த நீல மூடி டின்னை எடுத்துவிட்டுப் பச்சை மூடியை வைத்த அந்த இரண்டு கைகளும்கூடச் சேர்ந்து தட்டின.